ஆறு வாரமும் ஐந்து வருஷமும்

அந்த ஆங்கிலேயர் சிரித்தார்.

கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "ஸ்ப்ளெண்டிட்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெல்லி அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். எங்கள் பயிற்சி நிலையத்து மேனேஜர் என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். சொன்னபடி செய்துவிட்டாய் என்று அர்த்தம்.

மேசைக்கு எதிரே நின்றிருந்த மாதையன் மட்டும் சிரிக்கவில்லை. ஆங்கிலேயரின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். வெளியே போய்விட்டான்.

தகரக் கூரைமேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓசூர்க் குளிரிலும் எனக்குக் காது இரண்டும் சுட்டன.

நடந்தது இதுதான். மாதையன் தமிழில் ஒன்று சொன்னான். நான் அதை ஆங்கிலத்தில் வேறொன்றாகச் சொன்னேன். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் நானும் மேனேஜரும் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டி வந்தால் கூப்பிடு காதரை

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வேலூர் வாசகர் ஒருவர், "தோல் வியாபாரி மகனுக்கு ஐந்து பாஷை எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் ஐயா. அத்தாவுக்குக் கிருஷ்ணகிரியில் தோல் மண்டி. வீட்டில் தமிழ். தளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம். குப்பத்துக்காரர்களிடம் தெலுங்கு. பெங்களூர் ஏஜெண்டிடம் உருது. பேரம் படியாதபோது நாலும் கலந்து ஓடும்.

ஆங்கிலம் மட்டும்தான் நான் பாடுபட்டுப் படித்தது. ஹைஸ்கூலில் அடி வாங்கிக் கற்றேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தபோது அது கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.

அந்த டைப்ரைட்டிங்தான் எனக்கு ஓசூரில் வேலை வாங்கித் தந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், சர்க்கார் ஒரு தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. இயந்திரம் செய்கிற தொழிற்சாலை. அதற்கு ஆட்களைப் பழக்க, ஓசூருக்கு வெளியே, யுத்தகாலத்தில் பட்டாளத்துக்காகப் போட்ட தகரக் கொட்டகைகளில் ஒரு பயிற்சி நிலையம் நடந்தது. நான் அங்கே தற்காலிக டைப்பிஸ்ட்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கமிட்டிகள் வந்தபடி இருந்தன. ஓசூர் எந்த ராஜ்யத்தோடு இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். ராகி எப்படி விளைகிறது என்று கேட்பார்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒருவன் வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்துகூட என்னை இரவல் கேட்டு ஆள் வரும். அதற்காகவே ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாகத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அரத்துத் துரை

பயிற்சி நிலையத்தில் நாற்பது சொச்சம் பேர். ஜவளகிரி, தளி, மத்தூர், கல்லாவி என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பிள்ளைகள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாதையனுக்கே இருபத்தைந்து வயது இருக்கும். ஜவளகிரியில் காட்டை ஒட்டியிருந்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவன்.

கற்றுக்கொடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. 'அரத்துத் துரை' என்றால் ஓசூரில் எல்லோருக்கும் தெரியும்.

வந்த முதல் நாளே அவர் ஆளுக்கு ஓர் இரும்புக் கட்டையும் ஓர் அரமும் கொடுத்தார். கட்டையின் ஆறு பக்கத்தையும் அராவி, சொன்ன அளவுக்குச் சதுரமாக்க வேண்டும். அதுவரை மிஷின் பக்கம் போகக்கூடாது. முடித்துக் கொண்டுபோனால், மூலை சரியா என்று பார்க்கும் மூலமட்டத்தைக் கட்டைமேல் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் "மத்தெ" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கன்னடத்தில் மறுபடியும் என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பாஷைகளில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் அது.

நாலு மாசம் இதே வேலை. கொட்டகை முழுக்க இரும்புத் தூள் வாடை. கைரேகைக்குள் கறுப்பு ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாது. கல்லாவிக்காரன் ஒருவன், "இதுக்கு நான் கல்லு ஒடைக்கவே போயிருப்பேன்" என்று அரத்தை மேசைமேல் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

மாதையனுக்குப் பதினொரு தடவை மத்தெ. பன்னிரண்டாவது தடவை துரை கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தெ வரவில்லை. கட்டையைத் தன் மேசைமேலேயே வைத்துக்கொண்டார். மாதையன் வெளியே வந்து பீடி பற்றவைக்கப் பார்த்தான். மூன்று தீக்குச்சி வீணாயிற்று.

அதன் பிறகு லேத், வரைபடம் படிப்பது, கணக்கு. மொத்தம் மூன்று வருஷம். கடைசியில் பரீட்சை வைத்து சர்டிபிகேட் தருவார்கள். அது கையில் இருந்தால் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் போய் நிற்கலாம்.

தேசத்துக்கு ஒரு வழக்கம்

ஒரு வருஷம் முடிந்திருந்தபோதுதான் அந்த ஆங்கிலேய நிபுணர் வந்தார். தொழிற்சாலையைச் சீக்கிரம் திறக்கவேண்டும், ஆள் போதாது, என்ன செய்யலாம் என்று யோசனை சொல்ல அவரை வரவழைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் சுற்றிப் பார்த்தார். அவர் கையால் எழுதிய குறிப்புகளை நான்தான் டைப் அடித்தேன். உலகத்தில் தொழில் பழக்க இத்தனை வழி உண்டா என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெர்மனியில் பையன் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கூடம், மற்ற நாள் பட்டறை. மூன்று, மூன்றரை வருஷம் கழித்து வெளியாட்களும் சேர்ந்து உட்கார்ந்து பரீட்சை வைப்பார்கள். பழக்கிய முதலாளி தன் இஷ்டத்துக்குப் பாஸ் போட முடியாது. இங்கிலாந்தில் தகப்பனார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பையனைக் கொண்டுவந்து விடுவார். தேர்ந்த தொழிலாளி பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் பார்த்துப் பழகவேண்டியது. அமெரிக்காவின் பெரிய தொழிற்சாலைகளில் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிடுவார்கள். யுத்தத்தின்போது இங்கிலாந்தும் அந்த வழியில் போய், அடுப்படியை விட்டு வந்த பெண்களைச் சில வாரங்களில் குண்டு செய்யப் பழக்கியது.

இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் அவர் சொன்ன யோசனை: இந்தியாவுக்கு யுத்தகால வழியே பொருந்தும். ஆளுக்கு ஒரு மிஷின், ஒரே வேலை, ஆறு வாரம். வரைபடம் வேண்டாம், கணக்கு வேண்டாம், சர்டிபிகேட்டும் வேண்டாம். இப்போதிருக்கும் நாற்பது பேரையும் உடனே அப்படி அனுப்பிவிடலாம்.

டைப் அடித்தபோது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதினால் நான் எழுதுவதற்கு மரியாதை இல்லை. மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நன்றாகப் பேசுவார். "ஆயிரம் பேர் வேணும்யா. அந்த ஜெர்மன்காரர் நாற்பது பேரை வச்சுக்கிட்டு மூணு வருஷம் அராவிக்கிட்டே இருந்தா நாடு எப்ப முன்னுக்கு வர்றது?" என்பார். ஆயிரம் வீட்டுக்கு வேலை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பயிற்சி பெறுகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஆங்கிலேயர் சொன்னார். அதற்கு முந்தைய சாயங்காலம் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அவனுங்க என்னென்னமோ பேசுவானுங்க. நீ வளவளன்னு சொல்லிக்கிட்டு நிக்காதே. எந்த வேலை கொடுத்தாலும் சந்தோஷமா செய்வாங்கன்னு முடிச்சுடு. உன்னைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லி எழுதப்போறேன்."

மறுநாள் முதலில் வந்தவன் மாதையன். அன்று அவன் ஒருவனோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களை அடுத்த நாள் கேட்பதாகச் சொன்னார்கள். அவன் சொன்னது இது: "ஒரே மிஷின்ல ஒரே வேலை பழகிக்கினா, அந்த மிஷின் நின்னதும் நானும் நின்னுடுவேன். படம் படிக்கத் தெரியாதவனைக் கேட்டுக்கு வெளிய தள்ளறது சுலபம். அதுக்குத்தான் இதைப் பண்றாங்கன்னு எனக்குத் தோணுது."

நான் சொன்னது இது: "எந்த மிஷினில் போட்டாலும் சந்தோஷமாக வேலை செய்வேன் என்கிறார்."

குழாயடியில்

மத்தியானம் கைகழுவப் போனேன். மாதையன் குழாயடியில் நின்றிருந்தான்.

"பாய், நான் சொன்னதுக்கு அந்த ஆளு சிரிச்சிருக்க முடியாது. நீ என்னா சொன்னே?"

"சுருக்கமா சொன்னேன்."

"சுருக்கினா சிரிப்பு வருமா?"

நான் கையையே கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்க ஊருல ராகி முத்தினா பரண்மேல காவலுக்கு ஒக்காந்திருப்போம். நான் அங்கருந்து யானை வந்துடுச்சின்னு கத்தறேன். நீ ஊருக்குள்ள போயி மாடு வந்துடுச்சின்னு சொல்லிட்டு வந்திருக்கே. அவங்களும் சிரிச்சிக்கினு கதவைத் தெறந்து வெச்சிட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"எனக்கும் வேலை வேணும் மாதையா" என்றேன்.

"யாருக்குத்தான் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது கொட்டகை வாசலில் துரை நின்றிருந்தார். காலையில் அவரும் அறையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். தமிழில் அவருக்கு நூறு சொல் தெரிந்திருக்கலாம். மிஷின், படம், கேட், வெளியே. போதுமே.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தெ" என்றார். உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் நாள்

மறுநாள் காலை கமிட்டி உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். நேற்று ஒரு பதிலைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், அதைத் திருத்த அனுமதி வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"காதர், உக்காரு" என்றார் மேனேஜர், தமிழில், சிரித்த முகத்தோடு.

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் சார்" என்றேன், நானும் தமிழில்.

மாதையன் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். கேட்டுக்கு வெளியே தள்ளுவது உட்பட. ஆங்கிலேயரின் பேனா நின்றது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அவரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

மாதையன் பழந்துணியில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ஆறு வாரம் ஏன் போதாது என்று ஆங்கிலேயர் கேட்டார்.

"தொரை, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா? உங்க ஊருல உங்க மகனை இந்த வேலைக்கு விட்டா எத்தனை நாள் பழக்குவாங்க?"

மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம், வேறு கேள்விக்குப் போயிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"ஐந்து வருஷம்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "என் மகன் இப்போது மூன்றாவது வருஷத்தில் இருக்கிறான்" என்றார்.

தமிழில் சொன்னேன். மாதையன் அவரையே பார்த்துக் கேட்டான்.

"உங்க பிள்ளைக்கு அஞ்சு வருஷம். எனக்கு ஆறு வாரம். நான் அவ்வளவு கெட்டிக்காரனா தொரை?"

அதையும் சொன்னேன்.  பின்பக்கத்தில் அரத்துத் துரை மூக்கைச் சிந்தினார்.

டெல்லி அதிகாரி குறுக்கிட்டார். இது சாதாரணக் காலம் இல்லை, நாடு வறுமையோடு யுத்தம் செய்கிறது, யுத்தத்தில் எல்லாமே வேகமாகத்தான் நடக்கவேண்டும் என்றார். அதையும் ஒரு சொல் குறையாமல் மாதையனுக்குச் சொன்னேன்.

"சரிங்க. யுத்தம்னா எல்லாருக்கும் யுத்தம்தானுங்களே. ஆபீசருங்களையும் ஆறு வாரத்துல பழக்கி ஒக்கார வெச்சிடலாமுங்களே."

"அதைச் சொல்லாதே" என்றார் மேனேஜர், பல்லிடுக்கில்.

சொன்னேன்.

டெல்லி அதிகாரியின் முகம் சிவந்தது. "அவன் இப்படியே சொன்னானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும், சார். அவர் தமிழில் மரியாதையாகத்தான் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கலாம்."

அன்று மொத்தம் பதினாறு பேர் பேசினார்கள். மத்தூர்க்காரர் ஒருவர், "எனக்கு ஆறு வாரமே போதுங்க, வீட்டுல நிலைமை அப்பிடி" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். மேனேஜர் அப்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு வரி

ஆங்கிலேயர் ஊருக்குப் போவதற்கு முன் கடைசிப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார். நான்தான் டைப் அடித்தேன். இப்போதிருக்கும் நாற்பது பேர் மூன்று வருஷமும் முடித்துப் பரீட்சை எழுதட்டும். அடுத்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழுப் பயிற்சி. மீதிப் பேருக்கு ஆறு வாரம். அவர்களிலும் விரும்புகிறவர்கள் பிறகு சாயங்கால வகுப்புக்கு வந்து வரைபடம் படிக்கலாம்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்த மீதிப் பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தல் உண்டு.

அவர் போன மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு வெள்ளைக் காகிதம் இருந்தது.

"டெல்லியிலேருந்து கேட்டிருக்காங்க. எனக்கு ஆங்கிலம் போதாது, பதட்டத்துல தப்பா மொழிபெயர்த்துட்டேன், மன்னிக்கணும்னு ரெண்டு வரி எழுது. உன் வேலை உனக்கு இருக்கும்."

"எழுதினா மாதையன் சொன்னதெல்லாம் என்ன ஆகும் சார்?"

"அவன் சொல்லாததா ஆகும்."

"மாத்தி எழுதின பக்கம்?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ எழுது."

காகிதத்தை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். மெஷினில் சொருகினேன். வேண்டுமென்றே நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல், இரண்டு வரி அடித்தேன். இரண்டாம் நாள் நான் மொழிபெயர்த்தது முழுவதும் சரி. முதல் நாள் செய்தது தவறு, அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டு, கார்பன் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அசலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

"நீ யாருக்கு வேலை பார்க்கறே?"

"பேசறவங்களுக்கு சார்."

மாசக் கடைசியில் தற்காலிக டைப்பிஸ்ட் தேவையில்லை என்று கடிதம் வந்தது. அதை டைப் அடிக்க வேறு ஆள் இல்லாததால் நானே அடித்தேன்.

தோல் மண்டிக்கு வந்தவன்

அத்தாவுக்குத் தாங்கவில்லை. "சர்க்கார் உத்தியோகத்தை ரெண்டு வரிக்காக விட்டுட்டு வந்திருக்கான்" என்று மண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம், அவரவர் பாஷையில், சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார். என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் உப்புப் போட்ட தோலை எண்ணிக்கொண்டு, அந்த நாற்றத்தில், விடாமல் விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்பு எழுதிக் கொடுத்து மேனேஜரிடம் திரும்பிப் போகச் சொல்லி அத்தா பிறர் மூலம் சொல்லியனுப்பியும் நான் போகவில்லை.

இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் மாதையன் வந்தான். நாற்பது பேரில் முப்பத்துச் சொச்சம் பேர் பரீட்சை தேறிவிட்டார்களாம். வாயால் சொன்னால் போதாது என்று, தான் வரைந்த படத்தையே சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். அத்தா உட்கார்ந்திருந்த பலகையின்மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் எடைக்கற்களை வைத்தான்.

அத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என்னா கோடு? நடுவுல விட்டு விட்டு வருது?"

"அது கண்ணுக்குத் தெரியாத பக்கமுங்க, பாய். பொருளோட பின்னால இருக்கறது. ஒளிஞ்சிருக்குதுன்னு காட்ட விட்டு விட்டுப் போடணும்."

"தெரியாததைக்கூட வரையணுமா?"

"அதைத்தான் மொதல்ல வரையணும். இல்லாட்டிச் செய்யறவன் ஏமாந்துடுவான்."

பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் அவன் சொல்லிக்கொண்டே போனான். அத்தா விரலை அந்தக் கோட்டின்மேல் நகர்த்திக்கொண்டே கேட்டார். அவருக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து நான் பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன்.

அத்தா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார்.

"நீ சும்மா இரு. அவரு சொல்லட்டும்."